உயர்தரக் கணிதப் பிரிவு எங்களை எதற்குத் தயார் செய்கிறது? ஒரு மென்பொருள் பயிலுநரின் கேள்வி

கோண்டாவில் பயிலுநர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்திலுள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பயிலுநராக வேலை செய்கிறேன். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தேன். இப்போது பட்டப்படிப்பின் தொழிற்பயிற்சிக் காலம். விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கையும் சேர்த்து ‘ஸ்டெம்’ கல்வி என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். ரோபோ வகுப்பு, நிரலாக்க வகுப்பு என்று மதிலுக்கு மதில் பதாகை தொங்குகிறது. இந்தப் பேச்சில் முக்கியமான ஒன்று விடுபட்டுப் போகிறது என்பது எனது எண்ணம்.

முதலில் நியாயமானதைச் சொல்லிவிடுகிறேன். இணைந்த கணிதம் படித்தவர் எவரும் ஒரே சிக்கலுடன் நெடுநேரம் மல்லுக்கட்டப் பழகியவராகவே வருவார். உராய்வோ சாய்தளமோ எனது வேலையில் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் தரப்பட்டதை எழுதி, காண வேண்டியதைக் குறித்து, ஒவ்வொரு வரியும் முந்திய வரியிலிருந்து எப்படி வந்தது என்று காட்டும் பழக்கம் நிரல் எழுதும்போது அப்படியே கைகொடுக்கிறது. ‘கணிதப் பிரிவு படித்து என்ன கண்டோம்’ என்று முகநூலில் எழுதுவோருடன் எனக்கு உடன்பாடில்லை.

எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை, தனியார் மருத்துவ நிலையமொன்று நோயாளருக்கு அனுப்பும் நினைவூட்டல் குறுஞ்செய்திகளைப் பற்றியது. எங்கள் மென்பொருள் காட்டிய எண்ணிக்கைக்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கட்டணச் சீட்டில் இருந்த எண்ணிக்கைக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தது; ஏன் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஊகிக்க வேண்டாம், அளந்து பார் என்பதே மூத்தவர் தந்த ஒரே அறிவுரை. ஆகவே ஒரே தொலைபேசிக்கு, ஒரே நேரத்தில், ஓரிடம் ஓரிடமாக நீளத்தைக் கூட்டிக்கொண்டு தமிழ்ச் செய்திகளை அனுப்பினேன். 70 இடங்கள் வரை ஒரு செய்தி. 71 ஆனதும் இரண்டு செய்திக்கான கட்டணம்.

காரணம் எளிய வகுத்தல் கணக்குத்தான். ஒரு குறுஞ்செய்தியில் செய்திக்கென உள்ள இடம் 140 பைட்டு, அதாவது 1120 பிட்டு (பிட்டு என்பது ஒரு 0 அல்லது 1; எட்டுப் பிட்டு சேர்ந்தது ஒரு பைட்டு). ஆங்கிலத்துக்கு 7 பிட்டுக் குறிமுறை போதும் என்பதால் 1120 ஐ 7 ஆல் வகுக்க 160 வருகிறது. தமிழ் அதற்குள் அடங்காமையால் குறியீடு ஒன்றுக்கு 16 பிட்டு வேண்டும். 1120 ஐ 16 ஆல் வகுத்தால் 70. அதைத் தாண்டிய செய்தி துண்டுகளாகப் பிரியும். துண்டுகளை மறுமுனையில் ஒட்டுவதற்கான தலைப்புக்கு 6 பைட்டு போக, ஒவ்வொன்றிலும் மிஞ்சுவது 67 இடங்கள். போதாக்குறைக்கு, நாம் எழுத்து என்று எண்ணுவதும் கணினி எண்ணுவதும் வேறு. ‘யாழ்ப்பாணம்’ எமக்கு 6 எழுத்து; உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யுனிகோட் குறிமுறையில் அரவும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் ஆகையால் அது 11 இடங்களைப் பிடிக்கிறது. எங்கள் நிரலோ மொழி பாராமல் 160 ஐத் தாண்டாத செய்திகளையெல்லாம் ஒன்று என்றே எண்ணிக்கொண்டிருந்தது.

இதில் தரம் 10 மாணவர் அறியாத கணிதம் ஏதும் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி குறிமுறை 7 பிட்டு என்பதும் வகுப்பில் படித்ததுதான்; பல்தேர்வு வினாவாக வந்தால் யோசியாமலே விடையைக் கீறிவிடுவோம். ஆனால் கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, செய்ய வேண்டிய கணக்கு எது என்று தேடும் பயிற்சி பாடசாலையிலும் கிடைக்கவில்லை, ரியூசனிலும் கிடைக்கவில்லை. வினாத்தாளில் தரவுகள் அனைத்தும் தரப்பட்டிருக்கும். மிகையாக ஒன்றும் இராது, குறைவாகவும் இராது. விடை இருக்கிறது என்பதும் உறுதி. அலுவலகத்தில் இந்த மூன்றில் ஒன்றுக்கும் உத்தரவாதமில்லை.

இந்தப் பயிற்சியைத் தர வேண்டிய இடம் பௌதிகவியல், இரசாயனவியல் ஆய்வுகூடங்கள். அங்கேதான் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைக்கவும், எதிர்பாராத வாசிப்பு வந்தால் கருவியைச் சந்தேகிப்பதா கொள்கையைச் சந்தேகிப்பதா என்று யோசிக்கவும் கற்க வேண்டும். ஆனால் உயர்தரத்தில் பரிசோதனை, தாளில் விடையெழுதும் ‘அமைப்புக் கட்டுரை’ வினாவாகவே கேட்கப்படுகிறது. ‘இவ்வாசிப்பைத் திருத்தமாகப் பெற நீர் மேற்கொள்ளும் முற்காப்பு யாது?’ என்ற கேள்விக்கு, வேணியர் இடுக்கிமானியைக் கையால் தொடாதவரும் புள்ளித்திட்டத்தில் உள்ள வசனத்தை எழுதிப் புள்ளி வாங்கிவிடலாம். என்னுடன் படித்தவர்களில் பலர் அப்படித்தான் வாங்கினார்கள்.

ஆகவே நிரலாக்கத்தை இன்னொரு பரீட்சைப் பாடமாகச் சேர்ப்பது பயன் தராது என்று நினைக்கிறேன். அதுவும் கடந்தகால வினாத்தாள் தொகுப்பாகிவிடும். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் பைதன் என்ற நிரலாக்க மொழி இருக்கிறது. அதைத் தாளில் பேனாவால் எழுதியே புள்ளி பெறுகிறோம். தாளில் எழுதிய நிரல் ஒருபோதும் பிழைச் செய்தி காட்டாது. இருக்கும் பாடங்களுக்குள் பரிசோதனையைத் திரும்பக் கொண்டுவருவதே முதலில் செய்ய வேண்டியது. ஆசிரியர்கள், துறையில் இருப்பவர்கள், பெற்றோர் ஆகியோரின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

---

ஸ்காபரோ வாசகர்

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்தக் குறுஞ்செய்தி நிரலைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி இன்று நிமிடத்தில் எழுதித் தந்துவிடும். இங்கே கனடாவிலும் புதிதாகப் பட்டம் பெற்றவர்கள் நிரலாக்க வேலை தேடிச் சிரமப்படுகிறார்கள். இந்த நிலையில் ஊரில் பிள்ளைகளை மென்பொருள் பக்கம் தள்ளுவது சரியா?

---

வடமராட்சி ஆசிரியர்

தம்பி, நீர் எழுதியதை ஆறுதலாக வாசித்தேன். குறுஞ்செய்திக் கணக்கை எனது வகுப்பில் சொல்லப் போகிறேன். அனுமதி கேட்கவில்லை, தகவலாகச் சொல்கிறேன். நான் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் கற்பிப்பவன். உமது குற்றச்சாட்டில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதிக்கு நீர் இருக்கும் இடத்திலிருந்து தெரியாத ஒரு காரணம் உண்டு.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடத்தக்கதாக்கி அனுமதிக்குப் பயன்படுத்தும் இசட் புள்ளியின் நான்காம் தசமதானம் ஒரு பிள்ளையைப் பொறியியல் பீடத்துக்குள் விடுகிறது, இன்னொரு பிள்ளையை வாசலில் நிறுத்துகிறது. இப்படிப்பட்ட பரீட்சையில் பரிசோதனைக்குப் பாடசாலையே புள்ளி போடலாம் என்று வைத்துக்கொள்ளும். நகரத்துப் பெரிய கல்லூரியின் ஆய்வுகூடத்தையும் நெடுந்தீவுப் பாடசாலையின் ஆய்வுகூடத்தையும் எந்தத் தராசில் நிறுப்பது? நெடுந்தீவுக்கு ஒரு கண்ணாடிக் குழாய் போவதானாலும் குறிகாட்டுவானில் படகேற வேண்டும். புள்ளி போடும் ஆசிரியர் மேல் ஊரார் கொண்டுவரும் நெருக்குவாரத்தை நான் விளக்கத் தேவையில்லை. எழுத்துத் தாள் குறைபாடுடையதே. ஆனால் இருவருக்கும் அதே தாள். கிராமத்துப் பிள்ளைக்கு நம்பிக்கை தருவது அது ஒன்றுதான். பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது; அது இசட் புள்ளியில் சேராதபடியால் பிள்ளைகளும் பெற்றோரும் அதை எப்படி மதிக்கிறார்கள் என்பதை நாங்கள் கண்கூடாகக் காண்கிறோம்.

ஆய்வுகூடத்தைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. பரீட்சை நெருங்கும் தவணையில் உயர்தர வகுப்பில் பாதி வாங்குகள் வெறுமையாக இருக்கும். பிள்ளைகள் ரியூசனில் இருப்பார்கள்.

இத்தனைக்கும் பிறகு உம்முடன் உடன்படும் இடத்தைச் சொல்கிறேன். எளிய ஊசலில் நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நான் சில வேளைகளில் வேண்டுமென்றே குண்டின் மேல் விளிம்பு வரை மட்டும் அளக்கச் சொல்வேன். அலைவு காலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே குறித்தால் நேர்கோடு வரும், ஆனால் இரு அச்சுகளும் சந்திக்கும் உற்பத்தியினூடாகச் செல்லாது. பிள்ளைகள் பதறிப்போய் வாசிப்புகளை அழித்து, கோட்டை உற்பத்திக்கு வளைத்துக் கொண்டுவரப் பார்ப்பார்கள். அப்போதுதான் பேச்சைத் தொடங்குவேன். கோட்டின் சாய்வான படித்திறன் மாறவில்லை, ஆகவே ஈர்ப்பினாலான ஆர்முடுகல் சரியாகவே வருகிறது. கோடு அச்சை வெட்டும் வெட்டுத்துண்டு குண்டின் ஆரையைக் காட்டிக்கொடுக்கிறது. இந்தச் செய்முறையைச் செய்த பிள்ளைக்கும் வாசித்த பிள்ளைக்கும் பரீட்சையில் வேறுபாடு தெரியாமல் போகலாம். எனக்குத் தெரிகிறது.

---

தொழில்நுட்பப் பிரிவு மாணவி

ஆசிரியர் அவர்களுக்கும் பயிலுநர் அண்ணாவுக்கும் வணக்கம். நீங்கள் இருவரும் கணிதப் பிரிவை மட்டுமே வைத்துப் பேசுகிறீர்கள். 2013 இல் தொடங்கப்பட்ட தொழில்நுட்பப் பிரிவில் பொறியியல் தொழில்நுட்பம் படித்தவள் நான். எங்களுக்குச் செய்முறைப் பரீட்சை இருக்கிறது. கருவியைத் தொடாமல் அதில் சித்தியடைய இயலாது. அண்ணா கேட்கும் மாற்றத்தின் ஒரு பங்கு ஏற்கெனவே நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இது ‘கணிதம் ஓடாத பிள்ளைகள் போகிற இடம்’. எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், ‘ஏன் பிள்ளை, மற்ஸ் செய்யேலாமல் போட்டுதோ?’ என்று அனுதாபத்துடன் விசாரித்தார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செய்முறை இருந்தால் மட்டும் எல்லோரும் செய்வார்கள் என்றில்லை. குழுவாக விட்டால் சுற்றை இணைப்பது ஆண் பிள்ளைகளாகவும், வாசிப்பை அழகான எழுத்தில் அட்டவணைப்படுத்துவது பெண் பிள்ளைகளாகவும் அமைந்துவிடுகிறது. யாரும் கட்டளையிடுவதில்லை, தானாக அப்படி ஆகிவிடுகிறது. எங்கள் ஆசிரியை இதைக் கவனித்து, வாரத்துக்கு வாரம் பங்கை மாற்ற வேண்டும் என்று விதி வைத்தார். பற்றாசுக்கோலை நான் முதன்முதலில் பிடித்தது அந்த விதியினால்தான்.

---

கொழும்பில் ஒரு நிரலாளர்

நான் கொழும்பில் பல ஆண்டுகளாக இத்துறையில் இருப்பவள். சொந்த இடம் ஊர்காவற்றுறை. பயிலுநர்களைத் தெரிவு செய்யும் நேர்முகங்களில் இருந்திருக்கிறேன், ஆகவே மேசையின் மறுபக்கத்திலிருந்து சில வார்த்தைகள்.

நேர்முகத்தில் நான் வரைவிலக்கணம் கேட்பதில்லை. ஓடாத ஒரு சிறு பைதன் நிரலைக் கொடுத்து, ஓடவிடச் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். சிவப்பு நிறத்தில் பத்துப் பன்னிரண்டு வரி பிழைச் செய்தி வரும். பெரும்பாலானோர் அதை வாசிப்பதே இல்லை. உடனே மேலே போய் நிரலில் எதையாவது மாற்றத் தொடங்கிவிடுவார்கள். பைதன் பிழைச் செய்தியில் என்ன நடந்தது என்பது கடைசி வரியில் இருக்கும். எங்கே நடந்தது என்பது அதற்குச் சற்று மேலே இருக்கும். கடைசி வரியை வாசித்து, அங்கிருந்து மேல்நோக்கிப் போகிறவரைக் கண்டால் எனக்குப் பாதி முடிவு கிடைத்துவிடும். நிரல் ஓடாமற் போனாலும் பரவாயில்லை.

வடக்கிலிருந்து வருவோர் கணிதத்தில் பலமானவர்கள் என்பது எங்கள் அலுவலகத்தில் பொதுவான அபிப்பிராயம், அது பெருமளவுக்கு உண்மையும்கூட. ஆனால் அந்தப் பலமும் ஓரிடத்தில் ஏமாற்றுகிறது. 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் கணினி 0.30000000000000004 என்று காட்டும்போது, மொழியில் வழு இருக்கிறது என்பார்கள். மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் எப்படி முடிவுறாதோ, அப்படியே பத்தில் ஒன்றும் துவித எண்முறையில் முடிவுறாது. துவித எண்ணும் படித்தவர்கள், மீளும் தசமமும் படித்தவர்கள். இரண்டும் வெவ்வேறு பாடப்புத்தகங்களில் இருந்தபடியால் தலைக்குள்ளும் வெவ்வேறு அறைகளில் கிடக்கின்றன. வங்கிக் கணக்கு மென்பொருளில் ரூபாயைத் தசமமாக வைக்காமல் சதமாக முழு எண்ணில் வைப்பது ஏன் என்பதை இதிலிருந்தே விளக்கிவிடலாம்.

தம்பி எழுதியதில் எனக்கு ஒரு மறுப்பு. கணிதத்தை நன்றாகப் படித்துவிட்டோம், பரிசோதனைதான் இல்லை என்ற தொனி தெரிகிறது. தரவுகளை வைத்து முடிவெடுக்கும் புள்ளிவிபரவியல் இணைந்த கணிதத்தில் ஓரத்தில் நிற்கிறது. தரவு ஏன் சிதறுகிறது, எவ்வளவு சிதறினால் கவலைப்பட வேண்டும் என்ற உணர்வே பலரிடம் இல்லை. அளக்கத் தெரிந்தவருக்கு அளவையின் நிச்சயமின்மையும் தெரிய வேண்டும்.

---

சாவகச்சேரி அம்மா

எனது மகன் தரம் 9. ரோபோ வகுப்பொன்றில் சேர்க்கச் சொல்லி நச்சரிக்கிறான். கட்டணம் எங்கள் வீட்டு நிலைமைக்குக் கொஞ்சம் அதிகம். நீங்கள் எல்லோரும் பெரிய விடயங்களைப் பேசுகிறீர்கள். இந்த வகுப்புக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று மட்டும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கொழும்பில் ஒரு நிரலாளர்

அக்கா, பணம் கட்டுவதற்கு முன்னர் ஒரு நாள் போய் ஓரமாக இருந்து பாருங்கள். ரோபோ ஓடாமல் நின்றால் என்ன நடக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். பயிற்றுநர் ஓடிவந்து வாங்கித் திருத்திக் கொடுத்தால் அனுப்ப வேண்டாம். ‘மின்கலம் சரியா, வயர் சரியா, ஒவ்வொன்றாகப் பார்’ என்று பிள்ளையிடமே விட்டால் அனுப்பலாம். எப்படியிருந்தாலும், வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று இருந்தால் பைதன் இலவசம்தான். மகன் அதில் ஒரு மாதம் நின்று பிடிக்கிறானா என்று பார்த்துவிட்டுக் கட்டணத்தைப் பற்றி யோசியுங்கள்.

---

வட்டுக்கோட்டை வாசகர்

இது எமக்குப் புதிய விவாதமன்று என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். 1823 இல் தொடங்கி 1855 இல் மூடப்பட்ட, அமெரிக்க மிஷனரிமார் நடத்திய உயர்கல்வி நிலையமான வட்டுக்கோட்டைச் செமினரியில் கணிதமும் வானியலும் முக்கிய பாடங்களாக இருந்தன. 1829 இல் ஒரு சந்திர கிரகணம் தொடர்பாக, அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பும் செமினரி அதிபர் டானியல் பூவரின் கணிப்பும் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. யார் சொன்னது சரி என்பதற்கு ஏட்டையோ நூலையோ புரட்டவில்லை; கிரகண இரவில் வானத்தைப் பார்த்தார்கள். மிஷனரிமார் அதைத் தங்கள் சமயப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்பது வேறு கதை, அதில் எனக்கு மனக்கசப்பும் உண்டு. ஆயினும் முன்கூட்டியே கணித்து, எழுதி வைத்து, பின்பு எல்லோரும் காணச் சரிபார்ப்பது என்ற முறை இந்த மண்ணில் 200 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த பழமை உடையது.

அதேபோல மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1864 தொடக்கம் தமிழிலேயே கற்பித்தார். மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கவும் செய்தார். தமிழ்மொழி மூலம் படித்ததால் எங்கள் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று சொல்வோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். கிறீனின் மாணவர்கள் நூலை மாத்திரம் படிக்கவில்லை; பக்கத்திலே மருத்துவமனை இருந்தது, அதிலே நோயாளர் இருந்தனர்.

---

கோண்டாவில் பயிலுநர்

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி.

ஸ்காபரோ ஐயாவுக்கு: நிரலைக் கருவி எழுதித் தரும் என்பது உண்மை, நானும் நாள்தோறும் அதைப் பயன்படுத்துகிறேன். குறுஞ்செய்தியின் நீளத்தைச் சரிபார்க்கும் நிரல் வேண்டும் என்று கேட்டால் கணப்பொழுதில் தரும். ஆனால் மருத்துவ நிலையத்தின் கட்டணம் ஏன் கூடியது என்பதற்கு அதனிடம் நேரடியாக விடை இல்லை. எந்தச் செய்திகள் எந்த மொழியில் போயின, சீட்டு எதை ஒரு செய்தியாக எண்ணுகிறது, எமது பதிவேடு எதை எண்ணுகிறது என்று ஒருவர் தேடியெடுத்து அருகருகே வைத்த பிறகுதான் கருவிக்குக் கேள்வியே பிறக்கிறது. எழுதும் வேலை மலிவாக மலிவாக, அந்தத் தேடல் விலை கூடும் என்றே நினைக்கிறேன். மென்பொருள் பக்கம் தள்ளுவதைப் பற்றிக் கேட்டீர்கள். நான் அப்படித் தள்ளச் சொல்லவில்லை. விவசாயத்துக்குப் போகும் பிள்ளைக்கும் அளந்து பார்க்கும் பழக்கம் வேண்டும் என்றே சொல்கிறேன்.

ஆசிரியர் ஐயா, நெடுந்தீவுப் பிள்ளையைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அனுமதிப் புள்ளியில் பரிசோதனையைச் சேர்க்கச் சொல்ல மாட்டேன். ஆனால் உயர்தரத்தில் முடியாததைத் தரம் 9 இல் செய்யலாம் அல்லவா? சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் காலம் இருக்கிறது, ரியூசன் நெருக்குவாரமும் அந்த அளவுக்கு இல்லை, இசட் புள்ளியும் தலைக்கு மேலே தொங்குவதில்லை. புள்ளியே போடாத, ஒரு தவணை முழுவதும் நீளும் ஒரே ஒரு செயற்றிட்டம் போதும். உங்கள் ஊசலைப் போல, எதிர்பார்த்த விடை வராத ஒன்றாக அது இருந்தால் இன்னும் நல்லது.

தங்கச்சி, உங்கள் உறவினருக்குச் சொல்ல என்னிடமும் பதில் இல்லை. எங்கள் நிறுவனத்தில் வன்பொருளுடன் பேசும் பகுதியில் ஏதேனும் பிழைத்தால் நாங்கள் முதலில் தேடிப் போவது தொழில்நுட்பப் பிரிவிலிருந்து வந்த ஒருவரிடம் என்பதை மட்டும் சொல்லலாம். பங்கை மாற்றும் விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அலுவலகத்திலும் இது நடக்கிறது. கூட்டக் குறிப்பை எழுதும் வேலை எப்படியோ பெண் பயிலுநர்களிடமே போய்ச் சேருகிறது.

மொழியைப் பற்றி ஒரு சொல். வட்டுக்கோட்டை ஐயா கூறுவதுபோல, தமிழில் படித்ததால் எனக்கு விளக்கத்தில் குறை வந்ததாக நான் உணரவில்லை. சிரமம் இருப்பது காலைக் கூட்டத்தில். கொழும்பு அணியுடன் இணையவழி நடக்கும் பதினைந்து நிமிடக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேச வேண்டும். யாழ்ப்பாணத்துப் பயிலுநர்கள் இரண்டு வசனத்துடன் முடித்துவிடுவோம். எமக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று மறுபக்கத்தில் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் அணித் தலைவர், பேச வேண்டியதைக் கூட்டத்துக்கு முன்னரே எல்லோரும் எழுத்தில் இட வேண்டும் என்று மாற்றினார். எழுத்தில் எங்கள் பங்கு மற்றவர்களுடையதைவிட நீளமாக இருப்பதைக் கண்டு அவர்களே வியந்தார்கள். ஆங்கில வாசிப்பைப் பாடசாலை கூட்ட வேண்டும் என்பது சரி. அதற்காக விஞ்ஞானத்தையே ஆங்கிலத்துக்கு மாற்று என்ற முடிவுக்குப் பாய்வது தேவையற்றது.

புள்ளிவிபரவியல் பற்றி நிரலாளர் அக்கா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன்.

---

வடமராட்சி ஆசிரியர்

தரம் 9 என்பது நல்ல யோசனை. அப்படியானால் வெறும் பேச்சாக விடாமல் ஒன்றைச் செய்வோம். எங்கள் விஞ்ஞான மன்றத்துப் பிள்ளைகள் சில காலமாகக் கிணற்று நீரைச் சோதித்து வருகிறார்கள். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையில் தேங்கும் மழைநீரையே குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழியும் அதே நீருக்குள் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்துள்ள வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். நிறம் மாறும் சோதனைக் கீலங்களை வைத்துப் பிள்ளைகள் வாசிப்பு எடுத்துக் கொப்பிகளில் எழுதியிருக்கிறார்கள்.

வாசிப்புகள் கிடக்கின்றன, அவற்றைக் கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. ஒரே கிணற்றுக்கு இரண்டு பிள்ளைகள் இரண்டு வாசிப்பு எழுதியிருக்கிறார்கள். எதை நம்புவது என்று என்னிடம் கேட்கிறார்கள். நீர் ஒரு சனிக்கிழமை வந்து இதைக் கணினியில் ஒழுங்குபடுத்திக் காட்ட முடியுமா? பாடசாலைக் கணினிகள் பழையவை, இணையம் நிச்சயமில்லை.

---

தொழில்நுட்பப் பிரிவு மாணவி

ஆசிரியர் அவர்களே, கீலத்தின் நிறத்தை ஒவ்வொருவரும் கண்ணால் பார்த்துச் சொல்வதால்தான் வேறுபாடு வருகிறதோ? எல்லாக் கீலங்களையும் ஒரே பெட்டிக்குள், ஒரே மின்விளக்கின் கீழ் வைத்துப் படம் பிடித்தால் வெளிச்சத்தின் வேறுபாட்டை நீக்கிவிடலாம். அட்டைப் பெட்டியும் ஒரு வெள்ளை எல்.ஈ.டி. விளக்கும் போதும், நான் செய்து தருகிறேன்.

---

கொழும்பில் ஒரு நிரலாளர்

இரண்டு வாசிப்பில் எதையும் அழிக்க விடாதீர்கள், ஆசிரியர் ஐயா. ஒரே கிணற்று நீரை ஐந்து பிள்ளைகளிடம் தனித்தனியாகக் கொடுத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல் வாசிக்கச் சொல்லுங்கள். அந்த ஐந்தும் எவ்வளவு சிதறுகின்றன என்று தெரிந்த பிறகுதான், இரு கிணறுகளுக்கிடையிலான வேறுபாடு உண்மையானதா என்று பேசலாம்.

---

கோண்டாவில் பயிலுநர்

கட்டாயம் வருகிறேன் ஐயா. இணையம் தேவையில்லை, பைதனை பென் டிரைவில் கொண்டுவந்து பழைய கணினியிலும் நிறுவலாம், முடியாவிட்டால் விரிதாளே போதும்.

அதற்கு முன்னர் பிள்ளைகளிடம் ஒரு வேலை சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வாசிப்புடனும் திகதி, கிணற்றில் நீர்மட்டம் வரையான ஆழம், அண்மையிலுள்ள மலசலகூடக் குழிக்கு உள்ள தூரம், பக்கத்துத் தோட்டத்தில் என்ன பயிர், கடைசியாக எப்போது பசளை இட்டார்கள், வாசித்தவர் யார் என்பவற்றையும் எழுதட்டும். தெரியாதவற்றை ஊகித்து நிரப்பாமல் வெறுமையாக விடட்டும். மாரி மழைக்கு முன்னரும் பின்னரும் அதே கிணறுகளில் வாசிப்பு எடுக்க முடிந்தால் நல்லது. ஆகவே கிணறுகளை இப்போதே இலக்கமிட்டு, ஐப்பசி மழை தொடங்குவதற்குள் முதற் சுற்றை முடித்துவிட வேண்டும். தங்கச்சியின் பெட்டி ஆயத்தமானதும் திகதியைக் குறிப்பிடுங்கள்.